முதலில் கையால் ஒரு சுற்று

மே 3, சனி

வீட்டில் கதிரைக்கால் ஆடினால் கடதாசியை மடித்து வைத்துச் சமாளிக்கிறவன் நான். என்னைக் கொண்டுபோய் மரம் கடைகிற லேத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள் என் மனுசி அஞ்சலா. "அண்ணனைத் தனிய விடேலாது. நீங்களும் சேர்ந்து பழகுங்கோ" என்றாள். பழகுகிறேன்.

அண்ணன் என்றால் சுவாம்பிள்ளை. எனக்கு மச்சான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், பன்னிரண்டு வருடமாக ஒரே தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் என்னோடு நின்றவன். போன நவம்பரில் வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. கைக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி வைத்தியசாலையில் சொன்னார்களாம். டண்டினொங் சமூக நிலையத்தில் சனிக்கிழமைக் காலைகளில் மரம் கடையப் பழக்குகிறார்கள். கார் ஓட அவனுக்கு இப்போது பயம். ஆகவே சாரதியும் நான்தான்.

பழக்குகிறவள் எலேனி. கிரேக்கப் பெண், நாற்பது வயது இருக்கும், குசினி அலுமாரி செய்வது தொழில். எல்லோருக்கும் முதல் வேலை பம்பரம் என்றாள். கிண்ணம் கோணினாலும் கிண்ணம் என்று சொல்லித் தப்பலாம், பம்பரம் நடு பிசகினால் நிற்காது என்றாள். பிறகு இரண்டு விதி சொன்னாள். மரத்தை மாற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, மாற்றுகிறவரே தன்னோடு வைத்திருக்க வேண்டும். திரும்பப் போடுவதற்கு முன் கையால் ஒரு தரம் சுற்றிப் பார்க்க வேண்டும் — எங்கேயாவது ஏதாவது தட்டுகிறதா என்று. ஏழு பேருக்குச் சொன்னாள். எனக்கு மட்டும் சொன்னது போல இருந்தது.

மச்சான் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். பிறகு பையைத் தட்டிப் பார்த்தான். இன்னொரு தரம் தட்டிப் பார்த்தான். மூன்றாம் தரமும்.

என் பம்பரம் இரண்டு செக்கன் நின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

மே 4, ஞாயிறு

பூசையில் 'என் பாவமே' என்று நெஞ்சில் தட்டும் இடம் வந்தது. தட்டவில்லை. இருமினேன்.

மே 6, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை அஞ்சலா திறக்கமாட்டாள். இதில் கணக்கு வழக்கு இருக்கும் என்று நினைக்கிறாள்.

எங்களுடையது அட்டைப்பெட்டி மடிக்கிற இயந்திரம். பெட்டி சிக்கினால் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய்க் கையால் எடுக்க வேண்டும். எடுக்கப் போகிறவன் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை, இயந்திரத்தைப் போடுகிற ஆளியில் மாட்டிவிட்டுப் போவான். மாட்டினவனைத் தவிர வேறு ஒருவரும் அதைக் கழற்றக்கூடாது. கடவுளே வந்தாலும் கழற்றக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தருவார்கள்.

மச்சானுக்கு ஒரு பழக்கம். சிக்கலை எடுத்துவிட்டு, அட்டையைக் கழற்றாமல் அப்படியே தேத்தண்ணிக்குப் போய்விடுவான். நான் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் போடுவேன். திரும்பி வந்ததும் கொடுப்பேன், சிரிப்பான். எத்தனையோ தரம். வேறு ஒருவனுடைய அட்டை என்றால் தொட்டிருக்கமாட்டேன். இது மச்சானுடையதுதானே, வீட்டுச் சாமான் மாதிரி.

அன்றைக்கு அவன் தேத்தண்ணிக்குப் போகவில்லை. பின்னால் குனிந்து நின்றான்.

சத்தம் கேட்டு நிறுத்தினேன். அதற்குப் பிறகு இரத்தம், அம்புலன்ஸ், ஆட்கள். வீட்டுக்கு வந்து களிசானைக் கழற்றினபோது அட்டை பையில் இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் அட்டை மாட்டப்படவில்லை என்று எழுதினார்கள். "ஆளியில ஒண்டும் இருக்கேல்லை" என்று நானும் சொன்னேன். அது பொய்யுமில்லை — நான் போடும்போது ஒன்றும் இருக்கவில்லைதான், நான்தானே கழற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. கட்டுப் போட்ட கையோடு இருந்த மச்சான், "மறந்துபோனன் போல" என்று சொல்லி இடது கையால் கையெழுத்து வைத்தான்.

அட்டை என் காரின் டிக்கியில், ஸ்பெயார் ரயருக்குக் கீழே இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவன் முன்னால் உட்கார்ந்து வருகிறான்.

மே 10, சனி

மச்சானுடைய பம்பரம் என்னுடையதைவிட நன்றாக வந்தது. உளியை இடது கையால் அழுத்தி, வலது கையில் மிஞ்சியதால் வழிநடத்துகிறான். எலேனி கூடத் தலையை ஆட்டினாள். நுனியைச் சீவி, உப்புத்தாள் போட்டு மினுக்கி மேசையில் வைத்தான். சுற்றுவதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் வேண்டும். மோதிரவிரலால் முயன்றான், சரிந்தது. இடது கையால் முயன்றான், மேசையை விட்டு ஓடியது.

"நீ சுத்து," என்றான்.

சுற்றினேன். அசையாமல், நின்ற இடத்திலேயே நின்று சுழன்றது. "பார்த்தியா, நடு பிசகேல்லை," என்று எல்லோரிடமும் காட்டினான். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்தது கயிறு சுற்றி எறிகிற பெரிய பம்பரமாம். அடியில் ஆணி வைத்தது. "விரல் இல்லாதவனுக்குக் கயிறு," என்று சொல்லிச் சிரித்தான்.

மே 17, சனி

மச்சானை இறக்கிவிடப் போன இடத்தில் அவன் மனுசி சூசையம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டா. அவன் குளிக்கப் போகும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னா.

"அன்ரன், இவர் அடுப்பை நிப்பாட்டினதோ எண்டு ஏழு எட்டுத்தரம் பார்க்கிறார். கதவைப் பூட்டிப்போட்டுத் திரும்பி வந்து பார்க்கிறார். நேற்று டொக்டரிட்டப் போய்த் தன்ர மூளையைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மறதி வருத்தம் வந்திட்டுதாம். உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?"

இல்லை என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னா. குடித்துவிட்டுத்தான் வந்தேன். என்ன மனிதன் நான்?

மே 24, சனி

பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தமிழ்ச் சாமியாரிடம் இல்லை. அவர் எங்கள் எல்லோரையும் அறிந்தவர். வியட்நாம் சாமியாரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் அவருக்கு முழுதாக விளங்காது, ஆனாலும் கணக்கில் சேர்ந்துவிடும் என்று ஒரு கள்ள எண்ணம்.

நல்லாக விளங்கிவிட்டது அவருக்கு. அந்த ஆளுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கடவுள் உன்னை மன்னிப்பார், ஆனால் இருட்டில் நிற்கிறது கடவுள் இல்லை, உன் மச்சான் என்றார்.

செபமாலையில் பத்து மணி உருட்டச் சொல்லியிருந்தால் முடித்துவிட்டு வந்திருப்பேன்.

மே 31, சனி

இன்றைக்கு எனக்கும் ஒரு பம்பரம் சரியாக வந்தது, அதை மச்சானுக்கே கொடுத்தேன். மரம் சுருள் சுருளாக, சத்தமில்லாமல் கழன்று வரும்போது கை தானாக இளகுகிறது. அந்த அரை மணித்தியாலம் நான் சந்தோசமாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது ஸ்பிரிங்வேல் வீதிச் சிக்னலில் மச்சான் தானாகவே தொடங்கினான்.

"மச்சான், அண்டைக்கு அட்டையைப் போட்டது மாதிரித்தான் எனக்குக் கிடக்கு. ஆளியில கொழுவினது, அது ஆடினது, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா அட்டை இருக்கேல்லையாம். அப்ப என்ர மூளை எனக்குப் படம் காட்டுதெல்லே. இனி எதை நம்புறது சொல்லு?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் காரை எடுத்தேன்.

ஜூன் 4, புதன்

விரலை எடுத்தது தவறு. அவன் புத்தியை எடுக்கிறது தவறு இல்லை, களவு. ஏழு மாதமாகக் களவெடுக்கிறேன்.

ஜூன் 7, சனி

சொல்லிப்போட்டன்.

பட்டறை முடிஞ்சு கார் பார்க்கில. டிக்கியைத் திறந்து ரயரைத் தூக்கி எடுத்துக் குடுத்தன். கையில வாங்கித் தன்ர பேரைத் தானே வாசிச்சான். திருப்பிப் பார்த்தான். நான் எல்லாம் சொன்னன், ஒண்டும் விடேல்லை. தேத்தண்ணிக்குப் போயிட்டாய் எண்டு நினைச்சன், போய்ப் பார்க்கேல்லை, அட்டையைக் கழட்டினன், இயந்திரத்தைப் போட்டன். பிறகு பயந்து போய் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். அடிப்பான் எண்டு நினைச்சன். அடிச்சிருக்கலாம்.

"அப்ப நான் கொழுவினனான்," எண்டான்.

"ஓம்."

"கொழுவினனான்."

"ஓம் மச்சான்."

அட்டையைச் சட்டைப் பையில வைச்சான். "பஸ்ஸில போறன்" எண்டிட்டு நடந்தான். மழை தூறிச்சு. குடை காரில கிடந்தது. பின்னால போக எனக்குத் துணிவு வரேல்லை.

பிறகு, பின்னேரம் — அஞ்சலாவிடமும் சொன்னேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். "என்ர அண்ணன் தனக்கு விசர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவர். அதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தனீங்கள்." அவ்வளவுதான். விரலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தொழிற்சாலை அலுவலகத்திலும் போய்ச் சொன்னேன். எழுதி வாங்கினார்கள். வேலைக்கு வர வேண்டாம், கூப்பிடுவோம் என்றார்கள். வாசலில் என் சாமான் வைக்கிற பெட்டியைக் காலி செய்தேன். உள்ளே ஒரு பழைய தேத்தண்ணிக் கோப்பை, அவனுடையது.

ஜூன் 14, சனி

தனியாகப் பட்டறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது, வீட்டில் இருக்க முடியவில்லை. உன் மச்சான் எங்கே என்று எலேனி கேட்டாள். என்னில் கோபம் என்றேன். நியாயமான கோபமா என்றாள். ஓம் என்றேன். சரி, உளியைத் தீட்டு என்றாள்.

அவன் பாதியில் விட்ட பெரிய பம்பரம் தட்டில் இருக்கிறது. அடியில் பென்சிலால் அவன் பெயர்.

ஜூன் 18, புதன்

அஞ்சலா சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

ஜூன் 28, சனி

சூசையம்மா அஞ்சலாவுக்கு ஃபோன் எடுத்தா. நான் பக்கத்து அறையில் நின்று கேட்டேன், வெட்கம் கெட்டவன்தானே.

மச்சான் நான் செய்து கொடுத்த பம்பரத்தைப் பச்சை மூடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டானாம். என் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாதாம். ஆனால் அடுப்பை ஒரு தரம்தான் பார்க்கிறானாம். நேற்றுத் தானே காரை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனானாம். மூளைச் சோதனைக்குக் குறித்திருந்த திகதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அட்டையைச் சாமிப் படத்தட்டில் வைத்திருக்கிறானாம்.

அப்ப அவன் சுகமாகிவிட்டான். என்னோடு மட்டும்தான் இல்லை. அதுக்கும் சந்தோசப்படத்தான் வேணும். படுறன். கொஞ்சம் அழுதும் போட்டன்.

ஜூலை 8, செவ்வாய்

கூப்பிட்டார்கள். இனி இயந்திரப் பக்கம் போக முடியாது, பெட்டி அடுக்கும் பக்கம்தான். சரி என்றேன். மச்சானுக்குப் புதுக் கடிதம் போகுமாம், அட்டை மாட்டப்பட்டிருந்தது என்று.

ஜூலை 19, சனி

நான் போனபோது அவனுடைய கார் வெளியே நின்றது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். கால் உள்ளே போய்விட்டது.

மச்சான் அடுத்த லேத்தில் நின்றான். என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி வேலையில் குனிந்தான். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடைந்தோம், ஒரு சொல்லும் இல்லை. எலேனி எங்கள் பக்கம் வரவேயில்லை.

பிறகு பம்பரத்தைத் திருப்பிப் பூட்டுகிற நேரம் வந்தது அவனுக்கு, ஆணி அடிக்கிற பக்கம் கடைய. மரத்தைக் கவ்வுகிற இரும்பு வாயைத் திறந்து இறுக்க இரண்டு கையும் வேண்டும். பிளக்கைக் கழற்றினான். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையில் பை இல்லை. கமக்கட்டுக்குள் வைத்தான், நழுவியது. பல்லால் வயரைக் கவ்விப் பார்த்தான். மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எலேனி அறையின் மறுபக்கம் ஒருவருக்கு உளி தீட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டிருக்கலாம்.

பிளக்கை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"பிடி," என்றான்.

வாங்கினேன். அவன் திரும்பி நின்று இரண்டு கையையும் இயந்திரத்துக்குள் வைத்தான். மரத்தைக் கழற்றினான், திருப்பினான், நடுப் பார்த்தான், மெதுவாக இறுக்கினான். மூன்று விரலால் இறுக்க நேரம் எடுத்தது. ஒரு தரமும் என் கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். எங்கேயும் தட்டவில்லை. பிறகும் கையை எடுக்கவில்லை.

அவன் "தா" என்று கேட்கும்வரை நான் அசையவில்லை.