மறுநாள் காலை எழுந்தேன்

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசியாக வந்தபோது நீ சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று வருடமாகத் தலை வாரினாலே படுக்கையில் விழுந்துகொண்டிருந்தேன். புது டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, தீராத களைப்பு நோய். இதுல மூளையோட ரசாயனத்துலயே மாற்றம் இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. முழுசா இன்னும் பிடிபடல. ஆனா நீங்க நடிக்கல" என்றார். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

மருந்தால் மாயம் எதுவும் நடக்கவில்லை. களைப்பு எட்டிப் பார்க்கும் முன்பே வேலையை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடம் தையல் மெஷின், அரைமணி படுக்கை. இப்படியே பதினொரு வாரம் தைத்து, ஒரு வாடிக்கையாளர் கொடுத்த கோட்டு ஒன்றை நேற்று முடித்துவிட்டேன்.

முன்பெல்லாம் நாலு பொத்தான் தைத்தாலே மறுநாள் கையைத் தூக்க முடியாது. அதனால் இன்று காலை பயந்துகொண்டேதான் கண் விழித்தேன். எழுந்தேன். சமையலறைக்கு நடந்துபோய்க் காபி போட்டேன்.

இவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஏய், நீயா போட்டே?" என்று வாயைப் பிளந்தார்.

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா வந்து போட்டா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வா, அக்கா. கதவை நானே வந்து திறப்பேன்.

உன் தங்கை