கொச்சிக்குப் போகாத கப்பல்

மச்சான்,

இன்று காலை பட்டறைக் கதவுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். நம் கப்பலிலும் இதே வாடைதான். நீங்கள் மௌத்தாகி நான்கு மாதமாகிறது.

நமக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்கள் நாம். கரையோரச் சரக்கு ஏற்றும் பழைய கப்பல் ஒன்று மலிவாக வருகிறது என்று தரகர் சொன்னதும், வேண்டாம் என்றவர் நீங்கள், விடாமல் நச்சரித்தவன் நான். பார்க்கப் போனபோது இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிரித்தீர்கள். "தோலுன்னா தடவிப் பாத்துச் சொல்லிருவேன் மாப்ளே. இத எங்கன தடவ?"

இருவர் பட்டறையையும் அடகு வைத்து வாங்கினோம். ஓடாமல் நின்றாலும் கப்பல் தின்னும் என்பது பிறகுதான் புரிந்தது. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வாரக்கணக்கில் நங்கூரத்தில் கிடந்தது. இருவரும் இளைத்துப்போனோம். கடைசியில் கொச்சிக்குக் கோதுமை ஏற்றிப்போக ஒரு ஆர்டர் வந்தது. அதைச் செய்தால் மூச்சு விடலாம். ஆனால் மழைக்காலம் தொடங்கிவிட்டது.

கப்பலாட்களின் தலைவர், ரத்னகிரிக்காரரான சாரங்கு, உங்களைத் தேடிப் பட்டறைக்கே வந்தார். அடித்தகடு மெலிந்துவிட்டது என்றார். "சேட், பாரிஷ் மே மத் பேஜோ", மழையில் அனுப்பாதீர்கள் என்று கும்பிட்டார். மறுநாளே நீங்கள் ஆர்டரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"சோதனை பண்ணவரு சரின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காருல்லா மச்சான்?"

"கடுதாசி மெதக்கும் மாப்ளே. கப்பலு மெதக்கணுமே. அதுல போறவன்ல நீயும் இல்ல, நானும் இல்ல."

லாத்தா கேட்டுக்கொண்டிருக்க, என் கூடப்பிறந்தவளின் புருஷன் என்றும் பாராமல், "பயந்தாங்கொள்ளி" என்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். லாத்தா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கடனில் உங்கள் பட்டறை போயிற்று. நாற்பத்தைந்து வயதில் விக்ரோலியில் ஒரு ஃபேக்டரியின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, பாண்டுப்பில் ஒற்றை அறைக்குக் குடிபோனீர்கள். என்னுடையதில் பாதி மிஞ்சியது. கப்பலை உடைக்கக் கொடுத்தோம்.

உடைத்தபோது, கப்பல் உடைக்கும் தாருகானாவுக்குப் போனேன். அடித்தகட்டில் ஒருவன் சுத்தியலால் சும்மா தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். துருப்பிடித்த தகரம்போல உதிர்ந்தது. கொச்சிவரை வேண்டாம், ரத்னகிரியைக்கூடத் தாண்டியிருக்காது.

அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெருநாளுக்குப் பெருநாள் வந்தேன், லாத்தா வைத்த பிரியாணியைச் சாப்பிட்டேன், ரயிலேறிவிட்டேன். ஆறு வருஷம்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. ஓட்டையைப் பற்றிச் சொல்லி முடித்தபோது நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும். அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன். நீ விரல விட்டுப் பாத்தத பாத்தேன்."

"பொறவு ஏன் மச்சான் ஒரு வார்த்த சொல்லல?"

"நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். அலுப்பு மட்டும்தான் இருந்தது. என் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அடக்கத்துக்கு அந்தச் சாரங்கு வந்திருந்தார், தன் ஆட்கள் நான்கு பேரோடு. உங்களைச் சுமந்த சந்தூக்கை என் தோளிலிருந்து அவர்கள்தான் மாற்றி வாங்கினார்கள். அவர்கள் உயிரோடு நடந்துபோவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

நீங்கள் மன்னித்துவிட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பெருநாளும் எனக்கு எதிரே உட்கார்ந்து, இன்றைக்காவது சொல்வான் என்று நீங்கள் காத்திருந்திருக்கிறீர்கள். அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை, மச்சான்.