ரோலர் என் வாசலுக்கு வருவதற்குள்

பங்குனி 3, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே வாசலில் வெறுங்கால் வைக்க முடியவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன்: கீழே வரப்போகும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். திருச்சுழி டவுன் பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம் டிக்கெட் கிழித்தவன் நான். ஒரே டிரிப்பில் நூற்று எண்பது பேரையும், பன்னிரண்டு ஆட்டையும், ஒரு கல்யாண கோஷ்டியையும், அவர்கள் சண்டையையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியவன். அதையே நம்பாதவர்கள் இதை எங்கே நம்பப்போகிறார்கள்.

தெருமுனையில் பலகை நட்டுவிட்டார்கள். மாநில அரசு மானியம். நகர்ப்புறத் தெரு மேம்பாடு. பேவர் பிளாக் தளம். மனுப் போட்டுப் போட்டு மூன்று கவுன்சிலர்களுக்கு நரை விழவைத்த தெரு இது. மழை பெய்தால் கப்பல் போக்குவரத்து. பெய்யாத பதினோரு மாதம் பாலைவனம், ஒட்டகம் ஒன்றுதான் பாக்கி.

வேலைக்கு சூப்பர்வைசர் என் அக்கா மகன் முருகேசன். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் இரண்டு போன். வந்ததும் வராததுமாக:

"மாமா, இந்த மாசத்துக்குள்ள முடிச்சு, கம்ப்யூட்டர்ல போட்டோ ஏத்தணும். இல்லைன்னா மானியம் திரும்பிப் போயிரும். அப்புறம் நம்ம தெருவுக்கு எந்தக் காலத்துல வரும்னு சொல்ல முடியாது."

வேலை வரிசை அவன் சொன்னபடி: மண் வழித்தல். கிராவல். ரோலர். எம்-சாண்ட். கல்.

ரோலர் என்ற சொல்லில் கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ப.வ. (பஞ்சவர்ணம், என் தர்மபத்தினி) "வடை ஒத்துக்கலையா?" என்றாள். தலையாட்டினேன்.

வடை இல்லை. எழுதிவிடுகிறேன்.

என் வாசலில் ஒரு கிணறு இருக்கிறது. பாதி தெருவுக்குக் கீழே. மீதிப் பாதி எங்கள் முன்னறைக்குக் கீழே. தெருப் பொதுக்கிணறு. வற்றிய வருடம் அப்பா அதைத் தூர்க்கவில்லை. குறுக்கே பனை விட்டம் போட்டு, மேலே பலகைக்கல் பரப்பி, மண் கொட்டி நிரவினார். அப்புறம் வீட்டுச் சுவரை நாலடி முன்னால் தள்ளிக் கட்டிக்கொண்டார். எனக்குப் பதினோரு வயது. கூடையில் மண் சுமந்தேன். அப்போது தெருவில் நாலே வீடு. அந்த நாலில் இன்று மிச்சம் நான்.

ஐம்பது வருடம். பனை மரம் மண்ணுக்குள் என்ன ஆகியிருக்கும்?

ப.வ.வுக்கும் தெரியாது. அவள் மாவுக் கிரைண்டர் இருப்பது அந்த முன்னறையில்தான்.

பங்குனி 4, செவ்வாய்

தூசி. பல்லில் மண்.

ஜேசிபி வந்தது. ஒரு அடி ஆழம் வழித்தார்கள். எங்கள் வீட்டோடு தெரு முடிந்துவிடுவதால் கடைசியில்தான் இங்கே வந்தது. வாசல்படியைத் தொட்டால் கொலை விழும் என்று ப.வ. போட்ட சத்தத்தில், அது எதிர்வரிசையை ஒட்டியே நின்று கையை மட்டும் நீட்டி வழித்துவிட்டுப் போயிற்று. என் உயிரைக் காப்பாற்றியது தனக்கே தெரியாமல் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடத்தில் பாரவண்டி எதுவும் இந்த முனைக்கு வந்ததில்லை. லோடு எல்லாம் லாரிக்காரன் தெரு வாயிலேயே கொட்டிவிட்டுப் போவான். அதனால் பிழைத்தோம். மேலே இருந்த மண்ணிலும் இப்போது ஒரு அடி போய்விட்டது.

சாயங்காலம் ரோலர் வந்து இறங்கியது. பத்து டன்னாம். டிரைவர் காதர், வீரசோழன் ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். டீ வாங்கி நீட்டினேன்.

"நோம்பு அண்ணே."

"மன்னிச்சுக்கங்க பாய். இந்த வெயில்ல எப்படி?"

"இஞ்சின் சூட்டுக்கு வெயிலே தேவலாம்ணே."

நரிக்குடிக் கண்மாய்க் கரையில் ஒரு ரோலர் ஆளில்லாமல் தானாகப் புறப்பட்டு மானாமதுரை வரை போய், ரயில்வே கேட்டில் ஒழுங்காக நின்ற கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, நோம்பு வச்சவனைச் சிரிக்க வைக்காதீக, தொண்டை வறளுது" என்றார். சின்ன மகள் பெருநாளுக்குக் கண்ணாடி வளையல் கேட்டிருக்கிறாளாம். எந்த நிறம் என்று மறந்துவிட்டதாம்.

அந்த சீட்டில் உட்காரப்போவது இவர்தான். நேற்றுவரை ரோலர் ஒரு இரும்பு. இன்று அதன்மேல் ஒரு ஆள்.

பங்குனி 5, புதன்

மேகம் போல ஒன்று. ஏமாற்று வேலை.

கிராவல் பரப்புகிறார்கள். சொல்லிவிடுவது என்று சட்டை போட்டுக்கொண்டு போனேன். முருகேசனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, நம்ம வீட்டு முன்னால ஒரு கிணறு இருக்குடா."

"எங்க மாமா?"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவன் கேட்ட தோரணையில் ஒரு சிரிப்பு இருந்தது. சிரிப்பைப் பார்த்தால் என் நாக்கு என் சொல் கேட்காது. அறுபது அடி என்றேன். உள்ளே ஏழு சுரங்க வாய் என்றேன். ஒரு வாய் வழியாகப் போன எருமை பாலவனத்தத்தில் கன்றோடு ஏறி வந்தது என்றேன். அதற்குள் கிராவல் அள்ளும் பெண்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றார்கள்.

"எருமை தனியா வந்துச்சா, டிக்கெட் எடுத்துச்சா பெரியவரே?"

"கன்னுக்கு அரை டிக்கெட்டு தாயி."

ஒரே சிரிப்பு. முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, வேலை கெடக்கு, போங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். இந்த நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன்.

சொன்னால்:
1. வேலை நிற்கும். மாதம் முடியும். மானியம் போகும். தெருவே என்னைத் திட்டும்.
2. அளப்பார்கள். முன்னறை பொது இடம் என்று தெரியும். ஆக்கிரமிப்பு என்று சிவப்பு பெயிண்ட். இடிப்பார்கள்.
3. ப.வ.

சொல்லாவிட்டால்:
1. காதர்.

எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் கீழ்ப்பட்டியலில் வேறு எதுவும் சேரவில்லை.

கிரைண்டருக்குப் பக்கத்தில் தரையை உலக்கையால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடத்தில் 'தட்'. அங்கே 'தொம்'. ப.வ. எட்டிப் பார்த்து, "தரை என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றாள். எலி என்றேன்.

பங்குனி 6, வியாழன்

காற்றே இல்லை. சோறு இறங்கவில்லை.

நகராட்சியிலிருந்து இன்ஜினியர் அம்மா வந்தார்கள். சின்ன வயது. குடை, டேப், கறாரான முகம். கதை கேட்கிற முகமே இல்லை, எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று. நேராகப் போய்ச் சொன்னேன். எருமை இல்லை. ஏழு வாய் இல்லை.

"மேடம், இங்க ஒரு பழைய கிணறு. தூர்க்காம மூடினது."

முருகேசன் பின்னால் நின்று, "மேடம், இவுக எங்க மாமாதான். அப்படித்தான் பேசுவாக" என்றான். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

"சரியா எந்த இடம்? காட்டுங்க."

வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காறித் துப்பலாம். என் கை நீண்டது. சுவருக்குப் பக்கத்தில் நீளவில்லை. என் வீட்டுக்கு அந்தண்டை, தெருவின் நட்டநடுவில் நீண்டது. கிணறு முழுவதும் தெருவிலேயே இருந்துவிட்டால் தெருவும் பிழைக்கும், முன்னறையும் பிழைக்கும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். ஏதோ என் சௌகரியத்துக்குக் கிணறு எட்டடி நகர்ந்து படுத்துக்கொள்ளும் என்பதுபோல.

முருகேசன் கடப்பாரையால் குத்தினான். டங். இன்னொரு குத்து. டங். செம்பாறை. நாலு இடத்தில் குத்தினான். பொறி பறந்தது.

இன்ஜினியர் அம்மா குடையை மடக்கினார்கள். "பெரியவரே, உங்க தெருவுக்காகத்தான் நாங்க வெயில்ல நிக்கிறோம்." கோபம்கூட இல்லை. அதுதான் சுட்டது.

"நாளைக்குக் காலையில ரோலர் ஓட்டிரலாம் மேடம்," என்றான் முருகேசன்.

இனி நான் கிணறு என்று சொன்னால், அந்தக் கிணறே வந்து சாட்சி சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஒரு பொய்யை வைத்து நிஜத்தை நானே மூடிவிட்டேன். அப்பா பலகைக்கல்லால் செய்தார். நான் விரலால்.

பங்குனி 7, வெள்ளி

காலை, ஏழரை. ரோலர் இஞ்சின் போட்டாயிற்று. தெரு வாயிலில் முன்னும் பின்னும் போகிறது. ஜன்னல் கம்பி நடுங்குகிறது.

எட்டு மணி. நாலாவது வீடு தாண்டிவிட்டது.

எட்டேகால். ப.வ.விடம் போகிறேன்.

மதியம்

எழுதுகிறேன், வரிசையாக.

அவள் மாவை வழித்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். கிணறு என்றேன். அப்பா மூடியது என்றேன். பாதி உன் காலுக்குக் கீழே என்றேன்.

"எத்தனை அடி?"

"தெரியலை."

"தண்ணி கெடக்கா?"

"தெரியலை."

"விட்டம் தாங்குமா?"

"தெரியலை பஞ்சவர்ணம்."

மாவுக் கையோடு என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் நிறம் இறங்குவதைப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"உங்க வாயிலேருந்து தெரியலைன்னு ஒரு வார்த்தை இன்னைக்குத்தான் கேக்குறேன்," என்றாள். "அப்ப நெசந்தான்."

அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். ரோலர் இரண்டு வீடு தள்ளி வந்துகொண்டிருந்தது. நேர் எதிரே போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். காதர் பிரேக் போட்டு இஞ்சினை அணைத்தார். திடீரென்று தெருவில் அப்படி ஒரு அமைதி.

"அத்தை, என்ன இது? மாமாவுக்குத்தான் வேலை இல்லைன்னா உங்களுக்குமா?" முருகேசன் கத்திக்கொண்டு வந்தான்.

"ஏலே, வாயை மூடிட்டுக் கடப்பாரையை எடு. அங்க இல்ல. இங்க. எங்க சொவத்தை ஒட்டிக் குத்து."

"சொவத்தை ஒட்டியா? வீடு அத்தை."

"என் வீடுதானே. குத்து."

எதிர்வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார். "புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்து ரோட்டைக் கெடுக்கிறாக" என்று யாரோ சொன்னார்கள். முருகேசன் எரிச்சலோடு கடப்பாரையை ஓங்கி இறக்கினான்.

டங் என்று கேட்கவில்லை. பழைய கதவைத் தள்ளினாற்போல் ஒரு சின்ன சத்தம். கடப்பாரை கையை விட்டுப் போய்விட்டது. காலைச் சுற்றியிருந்த கிராவல் ஓட்டைக்குள் சரசரவென்று இறங்கத் தொடங்கிற்று. நான் அவன் சட்டைக்காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மல்லாந்தோம். ஈர மண், மக்கின மரம், அப்படி ஒரு வாடை வந்தது.

காதர் இறங்கி வந்தார். ஓட்டைக்கு நாலடி தள்ளியே நின்றார். அதையும் பார்த்தார், தன் ரோலரையும் பார்த்தார். மெதுவாகப் போய் எங்கள் சுவர் நிழலில் உட்கார்ந்தார். அப்புறம் அங்கிருந்தும் எழுந்து எதிர்ச்சுவருக்கு மாறிக்கொண்டார்.

பங்குனி 8, சனி

வெயில். கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இன்ஜினியர் அம்மா காலையிலேயே வந்து டேப் பிடித்தார்கள். முன்னறைக்குள் நாலடி. தரையில் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிரைண்டர். முதலில் கிணற்றைத் தூர்க்க வேண்டும், அப்புறம் தளம், மாதம் முடிவதற்குள் ஆகுமா என்று முருகேசன் கேட்டான். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார்கள். ஆகும் என்று சொல்லவில்லை. தெருவில் எதிர்வீடு உட்பட மூன்று வீட்டில் என்னோடு பேச்சு இல்லை.

போகும்போது என்னிடம் கேட்டார்கள்: "அன்னைக்கு ஏன் நடுரோட்டைக் காட்டினீங்க?"

தரையிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ப.வ. கிரைண்டரை அடுப்படிக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "வேணாம், நீங்க அங்க கால் வைக்காதீக" என்றாள். பாசமா, கோபமா, பிடிபடவில்லை. இருபது வருடம் அவள் அங்கே நின்று மாவு ஆட்டியிருக்கிறாள், நான் ஈசிசேரில் பேப்பர் படித்திருக்கிறேன். அவள் இன்னும் அதைக் கேட்கவில்லை. கேட்பாள்.

காதருக்கு இனி திருச்சுழிப் பக்கம் வேலையாம். ரோலரை லாரியில் ஏற்றினார்கள். "வாரேன் அண்ணே" என்று கையைப் பிடித்தார். கை சில்லென்றிருந்தது. அவருடையதா என்னுடையதா, தெரியவில்லை.

டீக்கடையில் கூட்டம். சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கடப்பாரை விழுந்து சத்தம் வர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று என்றேன். உள்ளேயிருந்து மணியோசை கேட்டது என்றேன். என் ஒற்றைக்கையால் முருகேசனைத் தூக்கிக் கூரையில் உட்காரவைத்தேன் என்றேன். எல்லாரும் நம்புகிறார்கள் இப்போது, அதுதான் கொடுமை.

அத்தனையும் புளுகு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். முருகேசன் சட்டைக்காலருக்குக் கை நீட்டியபோது, முதல் தடவை எனக்கு எட்டவில்லை.