சித்திக்காக நான் எழுதிய பதினோரு கார்டுகள்

சித்தி,

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் கதவு இடுக்கில் ஒரு போஸ்ட் கார்டு செருகியிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். கையில் எடுத்ததும் மஞ்சள் வாசனை அடித்தது. திருமானூர் பெரியம்மா அம்மாவுக்கு எழுதியிருந்தார். நலம் விசாரிக்கவில்லை. நேராக மகானின் பெயரில் தொடங்கி, இப்படி எழுதியிருந்தார்:

“செந்துறையில் ஒரு பெண்மணிக்கு நான்கு மாதமாக இருந்த வயிற்றுவலி ஐந்தாம் வியாழக்கிழமையன்று அடியோடு நீங்கியது. மருந்தில்லை, மாத்திரையில்லை, மகானின் திருநீறு ஒன்றே. இதைப் படிப்பவர் பதினோரு பேருக்கு எழுதவும்.”

கையெழுத்து பெரியம்மாவுடையது. வாக்கியம் என்னுடையது. அந்தப் பெண்மணி நீங்கள்.

பெரியம்மாவுக்கு அது தெரியாது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். உங்கள் காரியத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போன பெரியம்மா, ஐந்து மாதம் கழித்து, நீங்கள் குணமான செய்தியை எங்களுக்கே எழுதியிருக்கிறார்.

எங்கோ வடக்கே சமாதியான மகான் நம் பக்கம் வந்தது ஒரு ரயில்வேக்காரரால் என்பீர்கள். அவர் மாற்றலாகி அரியலூருக்கு வந்தபோது ஒரு படத்தையும் கொண்டுவந்தார். வியாழக்கிழமைதோறும் அவருடைய குவார்ட்டர்ஸில் பஜனை. முதலில் நான்கைந்து பேர்தான். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போன காலத்தில் செருப்பு விட இடம் இல்லை. ஒரு வருடத்துக்குள் அந்தப் படம் டீக்கடையில், அரிசி மில்லில், நாம் போகும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. எல்லோரும் மகான் என்றார்கள். நீங்கள் மட்டும் தாத்தா என்றீர்கள்.

“என்னக்கா, தாத்தாவப் பாக்கவா?” என்று கண்டக்டர் சிரிப்பார்.

“ஆமா. நீயும் ஒருநா வந்து கும்புடு, இந்த பஸ்ஸாவது நேரத்துக்கு வரும்” என்பீர்கள்.

பஜனையில் நீங்கள் பாடும்போது நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களால் தாளம் போட்டபடி, வீட்டில் நான் பார்த்தே இராத ஒரு முகத்தோடு இருப்பீர்கள். அது பொய்யில்லை. அதை இப்போதும் நான் நம்புகிறேன்.

வயிற்றுவலி வந்தபோது அரியலூர் டாக்டர், தஞ்சாவூருக்குப் போய் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். “ஒம்போது வியாழன் வேண்டியிருக்கேன் பாப்பா. அது முடியட்டும், போவலாம்” என்றீர்கள். ஐந்தாவது வியாழனுக்கு மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“வலி கொறஞ்சிருக்கு. தாத்தா காது குடுத்துட்டாரு. கார்டு எழுதணும், உக்காரு.”

பலன் கிடைத்தவர் பதினோரு பேருக்கு எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். உங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பு, கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். ‘வலி குறைந்திருக்கிறது’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. அடித்துவிட்டு ‘அடியோடு நீங்கியது’ என்று எழுதினேன். ‘மருந்தில்லை, மாத்திரையில்லை’ என்பதும் நானாகச் சேர்த்ததுதான். வாய்விட்டுப் படித்தால் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

உங்களுக்குப் படித்துக் காட்டினேன். முந்திரி உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அடியோட நீங்கிருச்சா?”

“கார்டுல அப்படித்தான் எழுதணும் சித்தி.”

அடுத்த கொட்டையை எடுத்தீர்கள். “படிச்ச புள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும். எழுத்து முத்து மாதிரி இருக்கு, கைதான் எரும மாதிரி நடக்குது. வெரசா எழுது, தபால் எடுத்துருவான்” என்றீர்கள். பதினொன்றையும் எழுதினேன்.

ஒன்பது வியாழன் முடிந்ததும் சித்தப்பா தஞ்சாவூருக்குக் கிளம்பச் சொன்னார். அப்போது நீங்கள் சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டேன்.

“சரியாயிடுச்சுன்னு ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டாச்சு. பேரு போடலன்னாலும் அது நாந்தான்னு பஜனைக்கு வர்றவங்களுக்குத் தெரியும். இப்ப நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா, பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? தாத்தாவுக்குல்ல கெட்ட பேரு.”

“வலிக்குதா இல்லியா, அதச் சொல்லு” என்றார் சித்தப்பா.

“இல்ல” என்றீர்கள்.

வலித்தது. உரல் பக்கத்தில் குனிந்தபடி நீங்கள் அசையாமல் நின்றதை இரண்டு முறை பார்த்தேன். நான் பார்த்தது தெரிந்ததும் நிமிர்ந்து, “முதுகு புடிச்சிக்கிச்சு” என்றீர்கள். என் கார்டைப் பொய்யாக்காமல் இருக்க நீங்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது புரிந்தது. சித்தப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் எழுதியதையும் சொல்ல வேண்டியிருக்கும். பேசாமல் இருந்துவிட்டேன்.

தை மாதம் உங்களைத் தூக்கிக்கொண்டுதான் தஞ்சாவூருக்குப் போனார்கள். அங்கே டாக்டர் சித்தப்பாவிடம், “மூணு மாசம் முன்னாடியே ஏன் வரல?” என்று கேட்டார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் தெரிந்த நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று பெரியம்மாவின் கார்டை அம்மாவிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவும் இல்லை, தொடவும் இல்லை. நான் புதுக் கார்டுகளை எடுத்து எழுத உட்கார்ந்ததும் கேட்டாள்.

“சாமியப் பத்தித் தப்பா எழுதுறியா?”

“சாமியப் பத்தி எழுதலம்மா. சித்தியப் பத்தி எழுதுறேன்.”

‘செந்துறைப் பெண்மணிக்கு வலி நீங்கவில்லை. தை மாதம் இறந்துவிட்டார். வலி இருந்தால் கும்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். முன்பு தவறாக எழுதியது நான்.’ இம்முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. கீழே என் பெயரைப் போட்டேன். உங்கள் தாத்தாவுக்கு இதனால் கெட்ட பெயர் வருமா என்று தெரியவில்லை. வந்தால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும் என்று மட்டும் தெரிகிறது. அந்தக் கோபத்தோடுதான் நான் இருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஒன்று எழுதினேன். நாம் அனுப்பிய பதினோரு பேரில் ஏழு பேரின் விலாசம் ஞாபகம் வந்தது. காலையில் எல்லாவற்றையும் தபாலில் போட்டுவிட்டேன். மற்ற நான்கு பேரை எவ்வளவு யோசித்தும் பிடிக்க முடியவில்லை. அதில் ஒருத்தி, பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த குன்னத்துப் பெண். அவளுக்கும் உங்களைப் போலவே வயிற்றில் வலி என்றும், முதல் கார்டு அவளுக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னீர்கள். நீங்கள் பெயர் சொல்ல, நான் எழுதினேன். அந்தப் பெயர் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை, சித்தி.