கை நிற்கும் எண்

பாய்,

நேற்று சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. யாரோ தார்ப்பாய்க்கு அடியில் கடுக்காய் மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். நனைந்த கடுக்காயின் வாசனை மூக்குக்கு வருவதற்கு முன்பே நாக்கில் துவர்க்கிறது. காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். கடைக்காரப் பெண் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு அரைக் கிலோ வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து முன்அறையில் வைத்த பிறகுதான், உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்த முன்அறையில்தான் நம் பழக்கம் தொடங்கியது. திருப்பத்தூரில் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்று, ஜமுனாமரத்தூரில் இந்தச் சிறிய வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். திருமணம் செய்துகொள்ளாதவனுக்கு இரண்டு அறை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் வாணியம்பாடியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை மலையேறி வந்து, தோல் பதனிடும் மண்டிக்காரர்களுக்காகக் கடுக்காயும், கடைகளுக்காகப் புளியும் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் கதவைத் தட்டினீர்கள். “இன்னா சார், முன்னாடி ரூம சும்மா பூட்டி வெச்சிருக்கீங்க. எனக்குக் குடுங்க. மூட்டையாவது உங்களுக்குத் துணையா இருக்கும்.”

மூட்டையோடு நீங்களும் வந்தீர்கள். என் வாழ்க்கையில் நான் குரலை உயர்த்திப் பேசிய ஒரே ஆள் நீங்கள். நான் எதைச் சொன்னாலும் நீங்கள் விடமாட்டீர்கள். இன்றைக்குக் குளிர் அதிகம் என்றால், “எத வெச்சு சொல்றீங்க?” என்பீர்கள். வெப்பமானியைக் காட்டினால் அது மாட்டியிருக்கும் சுவரே ஈரம் என்பீர்கள். செய்தித்தாளை நான் படிக்க, நீங்கள் மறுக்க, மாலை கடைசி பஸ் வரும்வரை ஓயாது.

ஒரு முறை, மூளைக்குள் சில்லு வைத்து இனி நினைவாற்றலைக் கூட்டலாம், வருத்தத்தைக் குறைக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் வியந்து படித்தேன். நீங்கள் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டீர்கள்: “வருத்தத்த எடுத்துட்டா அந்த எடத்துல இன்னா சார் வெப்பாங்க?” முப்பது ஆண்டுகள் தவளையின் மூளையைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். இது எந்த நரம்பு, அது எந்த மடல் என்று அம்புக்குறி போடத் தெரியும். நீங்கள் கேட்டதற்கு அம்புக்குறி போட இடம் தெரியவில்லை.

அப்போதே உங்கள் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது என்று நினைக்கிறேன். டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள். நான் பார்த்தேன், கேட்கவில்லை. ஓர் ஆண்டுக்குள் சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் முடியாமல் போனது. தொழுகையில் குனிந்தால் எழ முடியவில்லை. நடுக்குவாதம் என்றார்கள். சென்னையில் மூளைக்குள் கம்பி வைத்து, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி பொருத்தினார்கள். அறுவையின்போது உங்களை விழித்திருக்கச் சொன்னார்களாம். அதைப் பிறகு எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள்! “மண்டையத் தொறந்து வெச்சிக்கினு என் பேரு இன்னான்னு கேக்கறாங்க சார். மொதல்ல உங்க பேரச் சொல்லுங்கன்னேன்.”

கையின் நடுக்கம் நின்றுவிட்டது. நான் வாணியம்பாடிக்கு வந்தபோது நீங்களே டம்ளர் நிறைய டீ எடுத்து வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் என் முன் வைத்தீர்கள். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, மலையில் இந்த ஆண்டு குளிர் அதிகம் என்றேன்.

“ஆமா சார்,” என்றீர்கள்.

நான் காத்திருந்தேன். வேறொன்றும் வரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்ல சிரிப்புதான். அதற்கு முன் உங்கள் முகத்தில் அப்படியொரு சாந்தத்தை நான் கண்டதில்லை. அன்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றீர்கள். வேண்டுமென்றே, தவளைக்கு மூன்று கண் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் தலையசைத்தீர்கள்.

மருத்துவர் இரண்டு அளவுகள் வைத்துக் கொடுத்திருந்தார். கைபேசி அளவிலான ஒரு ரிமோட்டில் ஒன்று, இரண்டு என்று எண்கள். ஒன்றில் கை முழுதாக நிற்கும். இரண்டில் மின்சாரம் குறைவு. கை கொஞ்சம் நடுங்கும், ஆனால் வாதாடும் நாக்கு பழையபடி வந்துவிடும். கைக்கான இடமும் மனத்துக்கான இடமும் உள்ளே மிக நெருக்கமாக இருக்கின்றன, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று அவர் விளக்கினாராம். எதை வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யச் சொல்லிவிட்டார்.

வீட்டில் பேச ஒன்றும் இருக்கவில்லை. பாபிக்கு ஒன்றாம் எண்தான் வேண்டும். உங்கள் மனைவியை நான் பாபி என்று அழைக்கத் தொடங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அன்றுதான் அவர் என்னிடம் கோபமாகப் பேசினார். “நீங்க வாரத்துக்கு ரெண்டு நாளு சண்ட போட்டீங்க சார். ஒங்களுக்கு அது பொழுதுபோக்கு. நா நாப்பது வருஷமா அந்த நாக்கோட குடும்பம் நடத்தறேன். இப்பதான் ‘சாப்ட்டியா’ன்னு ஒரு வார்த்த கேக்கறாரு. அத ஏன் கெடுக்கணும்?”

அவர் சொன்னது நியாயம்.

அவர் உள்ளே போனதும் நீங்கள் நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டீர்கள். அப்போது இரண்டாம் எண்ணில் இருந்தீர்கள்; கை முழங்காலின்மேல் தட்டிக்கொண்டே இருந்தது. “ஒண்ணுல இருக்கறப்ப ஒண்ணுதான் நானுன்னு தோணுது. ரெண்டுக்கு வந்தா, சீ, அது நா இல்லன்னு தோணுது. கேக்கறதும் இதே மண்ட, பதில் சொல்றதும் இதே மண்ட. நா எப்டி சார் நம்பறது? எது நானுன்னு நீங்கதான் சொல்லணும்.”

இதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு பெரிய பொறுப்பைத் தந்ததில்லை. கல்லூரியில் ஒரு மாணவனுக்கு மூன்று மதிப்பெண் குறைத்துவிட்டு இரவெல்லாம் புரண்டு படுத்தவன் நான். இரண்டாம் எண் என்று சொன்னால், நடுங்காத கையையும் குனிந்து எழும் தொழுகையையும் உங்களிடமிருந்து பறிக்கிறேன். ஒன்று என்று சொன்னால், என் ஒரே நண்பனை நானே அனுப்பிவைக்கிறேன். எதைச் சொன்னாலும் அதில் என் தனிமையும் சேர்ந்து பேசும் என்று பயந்தேன்.

பயந்தவன் என்ன செய்வான்? முறையாகச் செய்வான். ஒரு சோதனை வைப்போம் என்றேன். ஒரு வாரம் தினமும் மாலையில் தொலைபேசியில் பேச வேண்டும். எந்த எண்ணில் இருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லக் கூடாது. தொலைபேசியில் கை தெரியாது, பேச்சு மட்டும்தான். பேசி முடித்ததும், இன்று பேசியது நீங்களா இல்லையா என்று நான் சொல்வேன். நீங்கள் மறுத்தோ ஒப்புக்கொண்டோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. விலங்கியல் ஆய்வில் இதற்கெல்லாம் ஒழுங்கு உண்டு என்று விளக்கினேன். நீங்கள் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் ஒவ்வொரு சொல்லையும் கடுக்காயைக் கடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். முதல் நாள், நீங்கள்தான் என்றேன். மறுநாள் இல்லை என்றேன். பிறகு இரண்டு நாள் நீங்கள், பிறகு இரண்டு நாள் இல்லை. கடைசி நாளில் புளி விலையைப் பற்றி நான் சொன்னதை நீங்கள் கிழித்துத் தொங்கவிட்டபோது, நிச்சயமாக இது நீங்கள்தான் என்று கத்தினேன். இப்படிச் சண்டை போடும் நாக்கு இரண்டில்தான் வரும், அப்படியானால் இரண்டாம் எண்தான் நீங்கள் என்று சொல்லும் துணிவும் ஒருவாறு வந்துவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் வாணியம்பாடிக்கு வந்தேன்.

நான் முடிவைச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசவில்லை. பிறகு ரிமோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள்.

“சார், நா இத தொடவே இல்ல. ஒரு வாரமும் ஒண்ணுலதான் இருந்தேன்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று.

“நீங்க ‘இது நீங்க இல்ல’ன்னீங்களே, அன்னிக்கெல்லாம் எனக்கு வயிறு சரியில்ல. ‘நிச்சயமா நீங்கதான்’னு கத்துனீங்களே, அன்னிக்கு வூட்ல பிரியாணில உப்பு கம்மி.” சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் பாபி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். நீங்கள் நடுங்காத கையால் என் தோளைத் தட்டினீர்கள். “அப்ப கை நிக்கற நம்பரே இருக்கட்டும் சார். அதுலயும் நா கொஞ்சம் இருக்கேன் போல.”

அன்று மலையேறும் பஸ்ஸில் என் மனம் லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது வேறொரு எண்ணம் வந்தது. நீங்கள் சொன்னது உண்மைதானா? ஒருவேளை சொன்னபடி எண்களை மாற்றி மாற்றி வைத்து, என் தீர்ப்பு எங்கே போகிறது என்று தெரிந்ததும், அந்தப் பாரத்தை என் தலையிலிருந்து இறக்க ஒரு பொய் சொன்னீர்களா? உண்மையென்றால் அது பழைய பாயின் குறும்பு. பொய்யென்றால் அது புதிய பாயின் இரக்கம். கேட்டுவிடலாம் என்று பல முறை வாயெடுத்தேன். கேட்கவில்லை. அதன் பிறகு நாம் பேசிய பேச்சில் சண்டை குறைவுதான். ஆனாலும் நீங்கள் அங்கே இருந்தீர்கள். சில நாள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை உங்கள் இதயம் நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பேட்டரியை எடுக்க வேண்டாம், அணைத்துவிட்டு அடக்கம் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உங்கள் மூத்த மகன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “சார், நீங்க பண்ணுங்க. என்னால ஆவல,” என்று என்னிடம் நீட்டினான். திரையைப் பார்த்தேன். ஒன்று. உங்கள் நெஞ்சருகே பிடித்து அணைத்தேன். அணைத்ததும் உங்கள் கை நடுங்கத் தொடங்கிவிடும் என்று, படித்த நான், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் அணைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தொடங்கிவிடும். வெகு நேரம் நின்றேன் போலிருக்கிறது. உங்கள் மகன் என்னை மெதுவாக நகர்த்தினான்.

இப்போது என் தலையைப் பற்றியே சொல்ல வந்தேன். இந்த ஆண்டு இரண்டு முறை பால் பாத்திரம் கருகியது. பக்கத்து வீட்டுக்காரரை வேறு பெயரில் அழைத்துவிட்டேன். பயந்து திருப்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். ஐந்து சொற்களை நினைவில் வைக்கச் சொன்னார். உதட்டுக்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்து ஒப்பித்துவிட்டேன். அவர் திருப்தியடையவில்லை. தன்னைப் பற்றி அவரவர் சொல்வது போதாது ஐயா, பத்து ஆண்டாவது உங்களைத் தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள், முன்பு எப்படி, இப்போது எப்படி என்று அவரிடம் கேட்க வேண்டும் என்றார். கேட்பதும் பதில் சொல்வதும் ஒரே மண்டை என்றால் நம்ப முடியாது என்று உங்களைப் போலவே அவரும் நினைக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் நிலையத்தில் உட்கார்ந்து யோசித்தேன். என்னைத் தெரிந்தவர் யார்? என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். வணக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முன்பு நான் எப்படி என்று சொல்லத்தக்க ஒரே ஆளை மண்ணில் வைத்தாயிற்று.

மூன்று வாரம் தயங்கிவிட்டு பாபிக்குத் தொலைபேசினேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் உடல்நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். “இன்னா விஷயம், சொல்லுங்க சார்,” என்று அவரே கேட்டு வாங்கினார். “இதுக்கா இத்தினி யோசன? நா வர்றேன்.” உங்கள் மகன் காரில் அழைத்து வந்தான்.

மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா என்றார். ஆமாம் என்றார் பாபி. மருத்துவர் பேனாவை எடுத்தார்.

“ஆனா அது புதுசா வந்ததில்லீங்க. இவரு எப்பவும் மூணு வாட்டி கேப்பாரு. எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு, சாருக்குப் பதிலு மறக்கல, பதிலு மேல நம்பிக்கதான் இல்லன்னு.”

மருத்துவர் சிரித்துவிட்டார். இப்படியே அரை மணி நேரம். பெயர் மாற்றிச் சொல்வது முன்பே உண்டு, சாவியைத் தேடுவது முன்பே உண்டு. நீங்கள் வீட்டில் என்னைக் கேலி செய்து சொன்னதெல்லாம் பாபியிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. எதுதான் மாறியிருக்கிறது என்று கடைசியில் மருத்துவர் கேட்டார். பாபி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எங்க வூட்டுக்காரரு கூட மட்டும் சத்தம் போட்டுப் பேசுவாரு. வேற யாருகிட்டயும் கெடையாது. போன்ல பேசுனா பக்கத்து வூட்டுக்குக் கேக்கும். அந்தக் கொரலு இப்ப இல்லீங்க.”

எப்போதிலிருந்து என்றார் மருத்துவர். பாபி சொன்னார். மருத்துவர் பேனாவை மூடிவிட்டார். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து இதே அம்மாவோடு வாருங்கள் என்றார்.

அவர்கள் காரில் வாணியம்பாடிக்குப் போக, நான் தனியாக மலை பஸ் ஏறினேன்; பாதி இருக்கைகள் காலி. ஆலங்காயத்தில் நிறுத்திவிட்டு, வண்டி மேலே போகாது, இறங்கி அடுத்த வண்டிக்கு நில்லுங்கள் என்றார் நடத்துநர். எல்லோரும் முனகிக்கொண்டு மூட்டைகளை எடுத்தார்கள். நானும் எழுந்தேன். எழுந்தவன் இறங்கவில்லை. “ஏன் போகாது?” என்று கேட்டேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

“இன்னா பெருசு, பின் டயரு போச்சு. வந்து பாக்கறியா?”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். போயிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு மழையில் ஒரு கடை ஓரம் ஒதுங்கினேன். தோற்றுவிட்டேன், ஆனாலும் சிரிப்பு வந்தது. என்னோடு சேர்ந்து சிரிக்க அங்கே யாரும் இல்லை.

அந்தக் குரல் எனக்குள்ளிருந்துதான் வந்தது, பாய். அது என்னுடையதா, இத்தனை ஆண்டுகளில் நீங்கள் வைத்துவிட்டுப் போனதா, தெரியாது. இதற்குச் சோதனை எதுவும் வைக்கப் போவதில்லை.