சோறு போட்ட நாற்றம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. காலையிலேயே கம்பெனி நாற்றம், பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து. கேஸ் சிலிண்டரைத் திறந்து விட்ட மாதிரி அடிக்கும், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தி, வாசல் கதவின் அடியில் ஈரத்துணி செருகிவிட்டால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். திருவொற்றியூரில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும்.

இவருக்குத்தான் தெரியாது. கல்யாணமாகி நாலு வருஷமாயிற்று, இன்னும் திருநெல்வேலி மூக்கு. "இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கியளோ" என்று கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கொள்ளைக்காரன் மாதிரி. இச்சுவும் அப்பாவைப் பார்த்து "ச்சீ" என்று மூக்கைப் பொத்துகிறாள். இரண்டரை வயசு. மாமியார் இசக்கியம்மாளின் பெயரை வைத்ததற்கு அந்த ஊர் மூக்கும் சேர்ந்து வந்துவிட்டது போல.

"அந்த நாத்தம்தான் நமக்கு சோறு போட்டுது" என்பார் அப்பா, உயிரோடு இருந்தவரை. முப்பது வருஷம் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் வேலை பார்த்துத்தான் வடக்கு மாட வீதியில் இந்த வீட்டைக் கட்டினார். இவரிடம் அதைச் சொன்னேன். கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பயந்தது நடந்துவிட்டது. இவருடைய அண்ணன் மேடவாக்கத்தில் இன்னொரு மளிகைக் கடை திறக்கிறாராம். இங்கே பார்த்துக்கொள்ளும் கடையை விட்டுவிட்டு இவர் அங்கே போய் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மாடியில் வீடும் காலியாக இருக்கிறதாம். ஆடி வந்தால் வீடு மாற்றக் கூடாது, அதனால் ஆவணியில் பால் காய்ச்சலாம் என்று அவர்களே நாளும் பார்த்தாயிற்று. என்னை யார் கேட்டது?

நான் வரமாட்டேன் என்றேன். ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு எங்கள் கோயில் சுவரில் இருக்கிறது. மெட்ராஸ் பிறப்பதற்கு முன்பே இது ஊர். எங்கள் தெருவில் பெரியவர்கள் இன்னும் பாரிமுனைக்குப் போவதைப் 'பட்டணம் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள் நான், மேடவாக்கத்தில் போய் எந்த அபார்ட்மென்ட்டின் சரித்திரத்தை நடத்துவது?

"கல்வெட்டுக்கு மூக்கு கெடயாதுல்லா" என்றார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

இன்றும் நாற்றம். இன்றும் சண்டை.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு தடவை எழுந்து போய் இச்சுவைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

இவர் கடைக்குப் போயிருந்தார். இச்சு ஹாலில் பாயில் தூங்கினாள். சாம்பாரை சிம்மில் வைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்றம் வந்தது. ஆரம்பிச்சுட்டாங்கப்பா என்று எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினேன். வாசல் கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணி வைத்தேன். சமையலறை ஜன்னலையும் சாத்தினேன். சாம்பார்ப் பாத்திரத்துக்கு மேலேதான் கையை நீட்டிச் சாத்தினேன். கீழே தீ அணைந்திருக்கிறது. ஜன்னல் காற்றில் அணைந்து, கேஸ் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் குனிந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கணும்? நாத்தம் வெளியிலேர்ந்துதானே வரும்? நம்ம ஊர்ல அப்படித்தானே?

திரும்ப வந்து தாள் திருத்தினேன். என் பிள்ளை தரையில கெடக்கறா, நான் மார்க் போட்டுட்டு இருக்கேன்.

மீன் கொண்டுவரும் கெங்கம்மா கதவைத் தட்டினாள். நான் திறந்ததும் ஓரடி பின்னால் போனாள்.

"இன்னாம்மா இது, வூடு பூரா கேஸு அடிக்குது!"

"கம்பெனி நாத்தம் கெங்கம்மா."

"இன்னாத்த கம்பெனி? தெருவுல ஒரு நாத்தமும் இல்ல, நான் இப்பத்தான நடந்து வரேன். அடுப்பப் பாரு மொதல்ல! சுச்சு கிச்சு போட்டுறாத, புள்ளைய இப்டி குடு!"

கூடையை அப்படியே வாசலில் போட்டுவிட்டு அவளே உள்ளே ஓடி இச்சுவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். நான் அடுப்பைத் திருகி மூடிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். இச்சு எழுந்திருக்கவே நேரமாயிற்று. எழுந்து ஒருமுறை வாந்தி எடுத்தாள். அப்புறம் கெங்கம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டரிடம் காட்டியாயிற்று, ஒன்றும் இல்லை என்றார். கேஸ் கனமானது, தரையில்தான் தேங்கும் என்றும் சொன்னார்.

ஜூலை 7, திங்கள்

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 9, புதன்

நானேதான் ஆரம்பித்தேன். மேடவாக்கத்தில் அடுப்பு அணையாதா, அங்கே கேஸ் மணக்குமா என்று கேட்டேன். தூங்கும் இச்சுவுக்குப் போர்வையை இழுத்து விட்டார். பிறகு சொன்னார்: "அடுப்பு எங்கயும் அணையும்ட்டி. நாத்தம் வந்தா ஜன்னலத் தெறக்கணும். நீ சாத்துன. பழகிட்டு, பழகிட்டுன்னு சொல்லுதல்லா, எனக்கு நாத்தத்தக் கண்டு பயமில்ல. பிள்ளைக்கும் பழகிருமோன்னுதான் பயம்."

என் அப்பாவையே திட்டின மாதிரி இருந்தது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். வந்தேறி என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி. இன்னும் ஒரு மாசத்துக்கு யாரும் வீட்டுப் பேச்சை எடுக்க முடியாது. நிம்மதியாக இருக்கிறது என்று எழுத வந்தேன். இல்லை.

அடுப்பை இன்றைக்கு எத்தனை தடவை போய்ப் பார்த்தேனோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் பலமான நாற்றம். எழுந்ததும் முதலில் அடுப்பைப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது. வாசலுக்குப் போய் நின்றேன். வெளியேதான். எதிர்வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறார்கள். இது கம்பெனிதான் என்று எனக்கு ஒரு நிம்மதி. என்ன ஜென்மமோ நான்.

உள்ளே இச்சு தரையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. "ச்சீ" சொல்லவில்லை. விளையாட்டு மும்முரமாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "இச்சு, ஏதாச்சும் நாத்தம் வருதா?" என்று கேட்டேன். நான் கேட்டதற்காக மூக்கை நன்றாக உறிஞ்சிப் பார்த்தாள். அவளுக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

"இல்லம்மா," என்றாள்.

இன்னொரு தடவை கேட்டேன். இல்லையாம்.

அப்பா, மன்னிச்சுடு. சோறு போட்டுது, இல்லேங்கல. ஆனா என்னால முடியல.

கடைக்கு ஃபோன் போட்டேன். ஆவணியில் நாள் பார்த்தது பார்த்தபடி இருக்கட்டும் என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ தராசைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம், "நீயா சொல்லுத?" என்றார். நான்தான் என்றேன். "வீட்ட விக்க வேண்டாம்ட்டி, பூட்டிப் போடுவோம்" என்றார். வந்தேறி என்று சொன்ன வாய்க்கு அழத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 30, சனி

சாமான் ஏற்றிவிட்டோம். கெங்கம்மா வந்தாள். "பட்ணம் போய்ட்டு சுருக்க வந்துரு" என்றாள். சரி என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு, மேடவாக்கம்

இங்கே யாருக்கும் எங்கள் ஊர் தெரியவில்லை. திருவொற்றியூர் என்றால், "ஓ, திருவான்மியூரா?" என்கிறார்கள். முதல் வாரம் திருத்தினேன். இப்போது விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் போய்வர நாலு மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் வேறு வேலை தேட வேண்டும்.

சாயங்காலம் இச்சுவோடு பால்கனியில் நின்றேன். கீழே செப்டிக் டேங்க் லாரி ஒன்று போனது. இச்சு சட்டென்று இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ச்சீ! நாத்தம்மா!" என்று கத்தினாள்.

அள்ளித் தூக்கி முத்தம் கொடுத்தேன். இன்னும் ஒருமுறை சொல்லு, இன்னும் ஒருமுறை சொல்லு என்றேன். சொன்னாள். சத்தம் கேட்டு இவர் ஓடிவந்து, "எதுக்குட்டி அழுத?" என்றார். நாத்தம் அடிக்குதாம் உங்க பொண்ணுக்கு என்றேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, பொல்லாத நாத்தம்" என்றார்.

நானும் மூக்கை நன்றாக உறிஞ்சிப் பார்த்தேன். கம்பெனி நாற்றம் மட்டுமே தெரிந்த என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. அவர்களிடம் சொல்லவில்லை. ஆமா, தாங்க முடியல என்று சொல்லிவிட்டு நானும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.