வெண்மதியைக் கூப்பிட்டோம்

ஜூன் 9, திங்கள்

காடாம்புலியூரிலிருந்து வந்த முந்திரிக் கொட்டையில் பாதி ஈரம். வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டேன். மத்தியானம் தங்கை வீட்டுக்காரர் மணவாளன் கடைக்கு வந்தார். தொண்டைப் புற்றில் தங்கை வெண்மதி போனது தை மாதம். அதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். மகள் எழிலரசிக்கு ஆவணியில் கல்யாணம். கெட்டது நடந்த வீட்டில் வருஷத்துக்குள் நல்லது நடக்கட்டும் என்று சொன்னவனே நான்தான்.

"எல்லாம் சரி மச்சான். ஆனா கல்யாணத்துக்கு முன்னால அம்மாவ கூப்புடணும்னு புள்ள ஒரே புடிவாதம்."

சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று பாடி அழைத்து, யார் மேலாவது வரவைத்து, வாக்குக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் கல்யாண வேலையே தொடங்கும். அப்படி அழைப்பதுதான் எங்கள் குடும்பத் தொழில். தம்பி உத்திராபதிக்குப் பம்பை மேளம். வெண்மதிக்குப் பாட்டும் கைச்சிலம்பும். நான் இளவயதிலேயே சிலம்பை வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போனவன்.

இப்போது அவளையே கூப்பிட வேண்டுமாம்.

ஜூன் 15, ஞாயிறு

உத்திராபதி வீட்டுக்குப் போனேன். தையிலிருந்து பம்பை பரண்மேல் கிடக்கிறது. கூப்பிடுகிற வீடுகளுக்கெல்லாம் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறானாம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வேறு பம்பை ஜமாவை வரவழைக்கலாம் என்றேன். வேலை நடந்தால் போதாதா?

"நம்ம பொண்ண அடுத்தவன் கூப்புடுவானா? பேச வந்துட்டாரு பெரிய யாவாரி."

"அப்ப நீ கூப்புடு."

"அவ பாட்ட எவன் பாடுவான்? நீயா?"

பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

நான்தான் பாடப் போகிறேன். வேறு ஆள் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சந்தையில் விலை கத்திய தொண்டை, பாட்டுக்கு வளைய மறுக்கிறது. ஆனால் ஒரு வரியும் மறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

உத்திராபதி ஒரு வரி பாடி நிறுத்துவான். அடுத்த வரி வெண்மதியுடையது. அந்த இடம் வந்தால் அவன் தலை தானாக வலப்பக்கம் திரும்புகிறது. நான் நிற்பது இடப்பக்கம். மாறி நின்று பார்த்தேன்.

"அங்க நிக்காத அண்ணே."

சரி என்று பழையபடி வந்துவிட்டேன்.

இந்தத் தொழிலின் உள்விவரம் எனக்குத் தெரியும். எந்தப் பெண்ணுக்குத் தோள் லேசாக உதறுகிறதோ, வெண்மதி அவள் பக்கம் நகர்ந்து காதோரம் சிலம்பைக் குலுக்குவாள். உதறல் ஆட்டமாகும். அதனால் எனக்கு நம்பிக்கை கம்மி. அப்பா வைத்த சட்டம் ஒன்றுதான்: கூப்பிடுகிறவன் மேல் வரக்கூடாது. வந்தால் யார் கேள்வி கேட்பது, யார் திருப்பி அனுப்புவது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

விடியற்காலை ஏரிக்கரை. பூங்கரகம், மஞ்சள் புடவை, அவளுக்குப் பிடித்த கனகாம்பரம். பாடினோம். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி விடாமல் தோளைப் பார்த்தேன். ஒரு தோளும் அசையவில்லை. எழிலரசி கரகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரமாட்டாள் போலிருக்கு, புள்ளைக்கு என்ன சொல்லுவேன் என்று யோசிக்கிறேன், பம்பை நின்றுவிட்டது.

திரும்பினால், உத்திராபதி கண் செருகி நிற்கிறான். குச்சி சேற்றில் கிடக்கிறது.

ஐயோ, இவன் மேலா! ஆனாலும் கேட்டேன், கேட்க வேண்டியவன் நான்தானே. "வந்தது யாரு? பேரச் சொல்லு."

"தண்ணி குடு அண்ணே."

எழிலரசி ஓடிப்போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். மடக் மடக் என்று அவ்வளவும் உள்ளே இறங்கியது. கடைசி நாட்களில் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட இறங்கவில்லை வெண்மதிக்கு. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தோம். இப்போது குடித்துக்கொண்டே இருக்கிறாள். இன்னொரு செம்பு. அதுவும் போனது. புள்ளைக்கு என்ன சொல்ற என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஈரக் கையால் எழிலரசி கன்னத்தைத் தடவியதோடு சரி.

பம்பை அடித்துத்தான் அனுப்ப வேண்டும். பம்பையை அவிழ்த்து நான் கட்டிக்கொண்டேன். அடிக்கத்தான் கை வரவில்லை. இரு, இன்னும் கொஞ்ச நேரம் இரு.

"மாமா, சின்ன மாமா உடம்பு தாங்காது. அனுப்பி வுடுங்க மாமா." சொன்னது எழிலரசி.

ஆஸ்பத்திரியில், போதும், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொன்னவனும் நான்தான். இரண்டு தடவையும் நானே அனுப்பினேன்.

அடித்தேன். மலையேறிவிட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கொட்டையைக் கையில் உருட்டினாலே உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். இது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. மனசு கேட்காமல் உத்திராபதிக்குப் போன் போட்டேன்.

"நெசமா வந்தாளாடா?"



"தாகமா இருந்திச்சி அண்ணே. அவ்ளோதான் தெரியும்."

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் நல்லபடி நடந்தது. எழிலரசி அழவில்லை. மணவாளன்தான் அழுதார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சிதம்பரத்தில் ஒரு கல்யாண வீடு, பூவாடைக்காரி அழைப்பு. "வரியா?" என்று மட்டும் கேட்டான் உத்திராபதி. கடையைப் பூட்டிவிட்டுச் சிலம்போடு போனேன். கையில் ஒரு செம்புத் தண்ணீரும். அந்த வீட்டில் செத்துப்போன அம்மா சீக்கிரமே வந்தாள். புடவை கேட்டாள், பேரனைக் கேட்டாள். தண்ணீர் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உத்திராபதி அந்தச் செம்பை வாங்கினான். பாதி குடித்தான். மீதியை என்னிடம் நீட்டினான்.